கண்டென்சரில் ஓடிய பாட்டு

என் வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் நான் வானொலியில் பாடியிருக்கிறேன். அந்த ஒரு முறையும் வானொலி நிலையத்துக்கு அந்த விஷயம் தெரியாது.

எண்பதுகள் முடிந்து தொண்ணூறுகள் தொடங்கிய சமயம். ஆவடியில் தொழிற்சாலைக் குடியிருப்பில் எங்கள் வீடு. அப்பா தொழிற்சாலையில் எலெக்ட்ரீஷியன். நான் பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருடம். (அப்படித்தான் வெளியே சொல்லிக்கொண்டிருந்தேன். முதல் வருடத்துப் பேப்பர் மூன்று என்னை விட்டுப் பிரிய மனமில்லாமல் கூடவே இருந்தன.)

பேப்பர்கள் போகாததற்கு என் நண்பன் டேவிட்தான் காரணம். கோவில்பதாகையில் இருந்த அவனுடைய மாமா கப்பலில் சமையல் வேலை பார்த்தார். ஒரு தடவை இங்கிலாந்துப் பக்கம் போய்விட்டு வந்தபோது ஒரு கேசட் ரெக்கார்டரும் நான்கு கேசட்டும் கொண்டுவந்தார். அந்தக் கேசட்டுகளில் இருந்த பாட்டு மாதிரி அதற்கு முன்னால் நாங்கள் எதையும் கேட்டதில்லை. கிடார் பாழுங்கிணற்றுக்குள் இருந்து கேட்டது. பாடுகிறவர் மேஜைக்கு அடியில் ஒளிந்துகொண்டு, யாரோ தன்னைத் தேடி வரப்போகிறார்கள் என்ற பயத்தில் பாடுவதுபோல் இருந்தது. அட்டையில் நான்கு பேர். சுண்ணாம்பு பூசிய முகம், கண்ணைச் சுற்றி மை, தலையிலிருந்து கால்வரை கறுப்பு. பின்னால் ஒரு கல்லறை. இந்த இசைக்கு 'காத்திக் போஸ்ட் பங்க்' என்று பெயர் என்பதை அட்டையோடு மாமா கொண்டுவந்திருந்த பத்திரிகைக் கிழிசலிலிருந்து தெரிந்துகொண்டோம்.

இதை அப்பாவிடம் பெருமையாகச் சொன்னபோது அவர் கேட்டார்: “போஸ்ட் ஆபீஸா, பெட்ரோல் பங்க்கா? ஏதாவது ஒண்ணு சொல்லு.”

நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு குழு ஆரம்பித்தோம். பெயர் ‘வௌவால் மண்டபம்’. டேவிட் டிரம்ஸ். அவன் சர்ச் பாடகர் குழுவில் வாசித்துப் பழகியவன். அதனால் எவ்வளவு பயங்கரமான பாட்டையும் அவன் கையில் கொடுத்தால் கிறிஸ்துமஸ் வந்துவிடும். பூந்தமல்லி பஷீர் கிடார். அவனுக்கு நான்கு ‘கார்டு’ பிடிக்கத் தெரியும், அதில் மூன்று சோகமானவை. ஆகவே எங்கள் தேவைக்கு அதிகமாகவே தெரியும். பாட்டு எழுதிப் பாடுவது நான். என் குரல் இந்த இசைக்கென்றே படைக்கப்பட்டது என்று டேவிட் சொன்னான். வேறு எந்த இசைக்கும் அது ஆகாது என்பதை மென்மையாகச் சொன்னான் என்று புரிய எனக்குப் பத்து வருடம் ஆயிற்று.

பஷீரின் அத்தா தையல்காரர். கடையில் மிச்சமிருந்த கறுப்பு லைனிங் துணியில் எங்களுக்கு முழங்கால்வரை தொங்கும் மூன்று கோட்டு தைத்துக் கொடுத்தார். நாங்கள் வக்கீலுக்குப் படிக்கிறோம் என்று அவர் நினைத்துக்கொண்டார். அவர் மட்டுமல்ல. கறுப்பு போட்டுக்கொண்டு ஆவடி மார்க்கெட் பக்கம் நடந்தால் பாதிப் பேர் “சாமி, மலைக்கு எப்போ கெளம்புறீங்க?” என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். மீதிப் பேர், நாங்கள் சாமியே இல்லை என்று பேசுகிற கூட்டம் என்று நினைத்து, மீட்டிங் எங்கே என்று கேட்டார்கள். மரணத்தின் தூதுவர்கள் என்று மட்டும் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. மே மாத வெயிலில் முகத்தில் போட்ட பவுடரும் கண்ணில் போட்ட மையும் வழிந்து கழுத்துவரை வந்துவிடும். அம்மா ஒருநாள் என்னைப் பார்த்துவிட்டு, கண்ணு வலியா என்று கேட்டு விளக்கெண்ணெய் போட்டுவிட்டாள்.

வானொலியை நாங்கள் மதிப்பதில்லை என்பது குழுவின் கொள்கை. பஷீர் இதில் கறாராக இருந்தான்.

“ரேடியோல வர்றதெல்லாம் ஒரு பாட்டா மச்சான்? அவனுங்களே வந்து கூப்ட்டாலும் நாம போவக்கூடாது.”

யாரும் கூப்பிடவில்லை. ஆகவே எட்டு மாதம் இந்தக் கொள்கையைச் சிரமமில்லாமல் காப்பாற்றினோம்.

பிறகு டேவிட் அந்தப் பத்திரிகைக் கிழிசலின் பின்பக்கத்தை ஒருநாள் எழுத்துக் கூட்டிப் படித்தான். கேசட்டில் இருந்த குழுவும் எங்களைப் போலத்தான் வானொலியைத் திட்டிக்கொண்டிருந்ததாம். கடைசியில் ஏதோ ஒரு அறிவிப்பாளர் அவர்கள் பாட்டை விடாமல் தினமும் போட்டதால்தான் ஊருக்கெல்லாம் தெரிந்ததாம்.

“சும்மா ஒரு தபா போய்ட்டு வர்லாம்,” என்றான் பஷீர். “இன்னா சொல்றானுங்கன்னு பாத்துட்டு, வேணாம்னு சொல்லிட்டு வந்துர்லாம்.”

வேணாம் என்று சொல்வதற்காக விண்ணப்பம் எழுதி, தபால் தலை ஒட்டி, நாற்பது நாள் காத்திருந்தோம். இளைஞர் நிகழ்ச்சிக்குக் குரல் தேர்வு என்று அட்டை வந்தது. மூன்று கோட்டுகளும் மின்சார ரயிலில் ஏறி மெட்ராசுக்குப் போயின. அம்பத்தூரில் ஏறிய ஒருவர் பஷீருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தன் தம்பி வேலியைத் தள்ளிப் போட்ட விவகாரத்தை வில்லிவாக்கம்வரை சொன்னார். பஷீர் முழுவதையும் கேட்டுவிட்டு, “பத்தரத்த பத்தரமா வெச்சிக்குங்க,” என்று சொல்லி அனுப்பினான்.

நிலையத்தில் நிகழ்ச்சியைக் கவனித்த அம்மாள் நல்லவர். கண்ணாடி அறைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஐந்து நிமிடமும் பொறுமையாகக் கேட்டார். பிறகு என் பாட்டு எழுதிய தாளை எடுத்து, பென்சிலால் எண்ணினார்.

“தம்பி, ‘பிணம்’ங்கற வார்த்தை பதினோரு இடத்துல வருது. இது சாயங்காலம் அஞ்சரை மணி நிகழ்ச்சி. ஜனங்க காபி குடிச்சிக்கிட்டு இருப்பாங்க. கொஞ்சம் குறைக்க முடியுமா?”

“முடியாது மேடம்,” என்றேன் நான். “பிணம்தான் இந்தப் பாட்டோட உயிர்.”

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “சரி, தேர்வுக் குழு கேக்கட்டும். தேறினா வர்ற சனிக்கிழமை அஞ்சரைக்கே வரலாம். முடிவு தபால்ல வரும்,” என்றார்.

இந்த இடத்தில்தான் நான் செய்த முதல் தவறு. அவர் சொன்ன வாக்கியங்களில் என் காதில் விழுந்தது ‘வர்ற சனிக்கிழமை அஞ்சரை’ மட்டும். ‘தேறினா’ என்ற சொல்லை என் காது எடுத்துக்கொள்ளவேயில்லை. மூன்று பேப்பர் பாக்கி வைத்திருக்கிறவனுக்கு அந்தச் சொல்லோடு பழக்கம் குறைவு.

அந்தச் சமயத்தில் அப்பா என்னோடு பேசி நான்கு மாதம் ஆகியிருந்தது. பரீட்சை முடிவு வந்த அன்றைக்கு நிறுத்தியவர். அடிக்கவில்லை, திட்டவில்லை. பேச்சை மட்டும் ஸ்விட்சை அணைப்பதுபோல அணைத்துவிட்டார். ஒரே பாயில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும்போதும், “அவனுக்குக் கொளம்பு ஊத்து,” என்று அம்மாவிடம்தான் சொல்வார். அம்மா என்னைப் பார்த்து, “உங்கப்பா கொளம்பு ஊத்தச் சொல்றாரு,” என்பாள். எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு முழ இடைவெளிகூட இருக்காது.

அன்று சாயங்காலம் நிலையத்திலிருந்து திரும்பியதும் அந்தப் பாயில் உட்கார்ந்து, சுவரைப் பார்த்துச் சொன்னேன்: “வர்ற சனிக்கெழம அஞ்சரைக்கு என் பாட்டு ரேடியோல வருது.”

அப்பா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“எந்த ஸ்டேஷன்ல?”

அம்மா தோசைக்கல்லை அப்படியே விட்டுவிட்டு வந்து நின்றாள். அன்றைக்குக் கருகிய தோசையை மூன்று பேரும் பங்கு போட்டுத் தின்றோம். அதைவிட ருசியான தோசை அந்த வீட்டில் சுடப்படவில்லை.

மறுநாள் காலையில் அப்பா மொட்டை மாடியில் இருந்தார். செம்புக் கம்பியை இரண்டு மூங்கிலுக்கு நடுவே இழுத்துக் கட்டி, எங்கள் மர ரேடியோவுக்குப் புது ஏரியல் போட்டுக்கொண்டிருந்தார். “பழைய ஏரியல்ல கொரலு கம்மியா வரும்டா,” என்றார் என்னிடம். நேராக என்னிடம். அந்த வாரம் ஷிப்டை மாற்றிக் கேட்டு வாங்கினார். (நான் பிறந்தபோதுகூட அவர் ஷிப்ட் மாற்றிக்கொள்ளவில்லை என்பது அம்மாவின் நெடுநாள் புகார்.) தன்னோடு வேலை பார்க்கும் கன்னியப்பன் மாமாவைக் குடும்பத்தோடு வரச் சொன்னார். அம்மா வரிசையில் இருந்த எட்டு வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

வியாழக்கிழமை தபால் வந்தது. ‘தங்கள் பாடல் ஒலிபரப்புக்குத் தேர்வு பெறவில்லை. தங்கள் ஆர்வத்துக்கு நன்றி.’

கொல்லைப்புறத்தில் நின்று அதை ஏழெட்டு முறை படித்தேன். மாடியில் அப்பா ஏரியலின் ஒரு முனையை இன்னும் இறுக்கமாகக் கட்டிக்கொண்டிருந்தார். கீழே எட்டிப் பார்த்து, “குமாரு, கம்பி நேரா கீதா பார்றா,” என்றார். நேராக இருக்கிறது என்றேன். மரணத்தைப் பற்றி அதுவரை பதினோரு முறை எழுதியிருந்தவனுக்கு அப்போதுதான் உண்மையில் செத்துப் போகலாம் என்று தோன்றியது.

வெள்ளிக்கிழமை பூந்தமல்லியில் அவசரக் கூட்டம். உண்மையைச் சொல்லிவிடலாம் என்றான் டேவிட். அப்பா மறுபடி பேச்சை நிறுத்திவிடுவார் என்று சொல்லும்போது என் குரல் உடைந்துவிட்டது. அது பஷீருக்குத் தாங்கவில்லை.

“அழாத மச்சான். ரேடியோ போடலன்னா இன்னா, நாமளே போடுவோம்.”

எங்களிடம் பாட்டின் பதிவு ஒன்று இருந்தது. பஷீர் வீட்டுப் பின்கட்டில் ஒத்திகையின்போது டேவிட் மாமாவின் ரெக்கார்டரில் பிடித்தது. அதற்கு முன்னால் டேவிட்டை அறிவிப்பாளராகப் பேசவைத்துச் சேர்த்துவிடுவது. ரெக்கார்டரை எங்கள் ரேடியோவுக்குப் பின்னால், மேலே போர்த்தியிருக்கும் பூத்துணிக்கு அடியில் வைப்பது. ரேடியோவைப் போட்டுச் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு, ரெக்கார்டரை ஓடவிடுவது. பக்கத்தில் ஒரே ஒரு பிளக்தான், அது ரேடியோவுக்கு. ஆகவே ரெக்கார்டருக்கு நான்கு புது பேட்டரி.

டேவிட் சர்ச்சில் வேதபாடம் வாசித்துப் பழகியவன். அந்தக் குரலிலேயே அறிவித்தான்: “அன்பார்ந்த நேயர்களே! இப்பொழுது, ஆவடியைச் சேர்ந்த வௌவால் மண்டபம் குழுவினர் நமக்காகப் பாட வருகிறார்கள்.” கடைசியில் ‘ஆமென்’ வந்துவிட்டதால் மூன்று முறை எடுக்க வேண்டியிருந்தது.

“நடுவுல எங்கம்மா சத்தம் லேசா விழுந்துகீது,” என்றான் பஷீர்.

“ஃபேன் ஓடும்போது அதெல்லாம் கேக்காது,” என்றேன்.

சனிக்கிழமை ஐந்து மணிக்கே எங்கள் கூடத்தில் கால் வைக்க இடமில்லை. பாயில் பெண்கள், நாற்காலியில் கன்னியப்பன் மாமா, ஜன்னலில் தெரு. எல்லார் கையிலும் அம்மா செய்த கேசரி. பஷீர் தன் அம்மாவை வரவேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்திருக்கிறான். ஃபாத்திமாம்மா கேட்கவில்லை. பட்டுப் புடவை கட்டி, பூந்தமல்லியிலிருந்து பஸ் பிடித்து வந்து, ரேடியோவுக்கு எதிரே முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். டேவிட் தொண்டை வலி என்று வரவில்லை. (வாயைத் திறந்தால் அறிவிப்பாளர் யார் என்று தெரிந்துவிடும்.)

அப்பா வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு கதவோரம் நின்றார். உட்காரச் சொன்னால் கேட்கவில்லை.

ஐந்தரைக்கு நான் ரேடியோவுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். “ஏரியல் ஒயர கையில புடிச்சாதான் நல்லா கேக்கும்,” என்று சொல்லிப் பூத்துணிக்கு அடியில் கையை விட்டேன். ஒரு எலெக்ட்ரீஷியன் முன்னால் இப்படிச் சொன்னேன் என்பதை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. அப்பா புருவத்தை மட்டும் லேசாக உயர்த்தினார். ரேடியோவின் முகப்பில் விளக்கு மஞ்சளாக எரிந்தது. பட்டனை அழுத்தினேன்.

“அன்பார்ந்த நேயர்களே!”

கூடம் அடங்கியது. ‘ஆவடியைச் சேர்ந்த’ என்றதும் ஜன்னலில் யாரோ விசில் அடித்தார்கள். கிடார் ஆரம்பித்தது. பாழுங்கிணற்றிலிருந்து என் குரல் எழுந்தது. முதல் பிணம் வந்தபோது பக்கத்து வீட்டு அக்கா கேசரியை வாய்க்குக் கொண்டுபோகாமல் நிறுத்தினார். மூன்றாவது பிணத்தில் கீழே வைத்துவிட்டார். ஆனாலும் எல்லார் முகத்திலும் பெருமைதான். அப்பாவைப் பார்த்தேன். அவர் வாய் லேசாகத் திறந்திருந்தது. கண் இமைக்கவில்லை.

அப்போது கரண்ட் போனது.

ஃபேன் மெதுவாகச் சுற்றி நின்றது. ட்யூப் லைட் அணைந்தது. ரேடியோவின் முகப்பு விளக்கும் அணைந்தது. நான் மட்டும் பாடிக்கொண்டிருந்தேன்.

கையை எடுத்தால் பாட்டு நிற்காது. அழுத்தி நிறுத்தினால் நான்தான் நிறுத்தினேன் என்று தெரியும். இரண்டுக்கும் நடுவில் என் விரல் விறைத்துப் போனது. ஃபேன் சத்தம் இல்லாத அமைதியில் பாட்டு முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது. ஒவ்வொருவராக ரேடியோவைப் பார்த்தார்கள். பிறகு ஃபேனைப் பார்த்தார்கள். மறுபடி ரேடியோவைப் பார்த்தார்கள்.

கன்னியப்பன் மாமாதான் வாயைத் திறந்தார். “இன்னாப்பா இது? கரண்ட் பூட்ச்சி. ரேடியோ பாடிகினு கீது?”

அம்மா கேசரித் தட்டோடு சமையலறை வாசலில் நின்றிருந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். தாய்க்கு அதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை.

“அது பழைய ரேடியோ அண்ணே,” என்றாள், இஸ்திரிப் பெட்டியைப் பற்றிச் சொல்வதுபோல. “சூடு ஆறுற வரிக்கும் கொஞ்ச நேரம் பாடும்.”

ஒருத்தரும் நம்பவில்லை. எல்லாத் தலையும் கதவோரம் திரும்பியது. அந்தக் குடியிருப்பில் கரண்ட் சம்பந்தப்பட்ட எதற்கும் கடைசி வார்த்தை அப்பாவுடையது. அவரும் அதில் விளையாடமாட்டார். ‘கரண்ட் விஷயத்துல பொய் சொன்னா ஒரு ஆள் சாவான்’ என்பதை எனக்கு நடக்கக் கற்றுக்கொடுக்கும்போதே சொல்லிக்கொடுத்தவர்.

அப்பா அணைந்த முகப்பு விளக்கைப் பார்த்தார். பூத்துணிக்குள் போயிருந்த என் கையைப் பார்த்தார். எனக்கு நான்கு மாத மௌனம் திரும்பி வரும் சத்தம் கேட்டது.

“கண்டென்சர்,” என்றார் அப்பா.

“இன்னாது?”

“உள்ள பெரிய கண்டென்சர் கீது. அதுல சார்ஜ் நிக்கும். கரண்ட் போனாலும் ஓடும்.”

கன்னியப்பன் மாமாவும் எலெக்ட்ரிகல் பிரிவில் இருப்பவர்தான். அவர் சந்தேகமாகக் கேட்டார்: “எம்மாம் நேரம் ஓடும்?”

அப்பா சட்டைக் கையைச் சரிசெய்துகொண்டார்.

“பாட்டு முடியிற வரிக்கும்.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்போது என் பாட்டு அதன் உச்சகட்டத்துக்கு வந்திருந்தது. டிரம்ஸ் நின்று, கிடார் ஒற்றைக் கம்பியில் முனக, நான் மட்டும் கேட்கும் இடம்:

“இருளின் வாசலில் நிற்பது யாரோ… என் பிணத்தின் பெயர் சொல்லி அழைப்பது யாரோ…”

“பஷீரு! ஆடு வேலிய தாண்டிகினு ஓடுதுடா! புட்றா!”

அதைத் தொடர்ந்து ஆடும் ஒரு முறை கத்தியது.

பஷீர் கண்ணை மூடிக்கொண்டான். முதல் வரிசையில் பட்டுப் புடவை எழுந்து நின்றது.

“யா அல்லா! ஏங்கொரலு!” ஃபாத்திமாம்மா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். “டேய் பஷீரு, நானும் ரேடியோல வந்துட்டேன்டா!”

“ஆமாம்மா,” என்றான் பஷீர், கண்ணைத் திறக்காமலே. “நம்ம ஊட்ல புடிச்ச கேசட்டத்தான் போட்றாங்க.”

கன்னியப்பன் மாமா கைதட்டினார். அப்புறம் எல்லாரும் தட்டினார்கள். பக்கத்து வீட்டு அக்கா ஃபாத்திமாம்மாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஜன்னலிலிருந்து ஒருவர், பாட்டிலேயே அந்த இடம்தான் டாப் என்றார். (இசை விமர்சனம் என்ற வகையில் அதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து இல்லை.) மிச்சமிருந்த பிணங்களை யாரும் கவனிக்கவில்லை.

பாட்டு முடிந்தது. அதற்கடுத்து கேசட்டில், டீ குடிக்கப் போகலாமா என்று டேவிட் கேட்பது வரும். அவசரமாகப் பட்டனை அழுத்தினேன். ‘டொக்’ என்று கூடம் முழுக்கக் கேட்டது.

“தீந்துட்ச்சி,” என்றார் அப்பா.

எல்லாரும் போனபோது விளக்கு வைக்கும் நேரம். கரண்ட் இன்னும் வரவில்லை. அம்மா ஃபாத்திமாம்மாவை பஸ் ஸ்டாப் வரை கொண்டுவிடப் போயிருந்தாள். நான் ரேடியோவுக்குப் பக்கத்திலேயே நின்றேன். அப்பா வந்து பூத்துணியை விலக்கி, ரெக்கார்டரை வெளியே எடுத்து, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பின்மூடியைத் திறந்து பேட்டரிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

“உள்ளயே வுட்டா ஒழுகும்,” என்றார். பிறகு, “லெட்டர் எப்ப வந்துச்சி?”

“வியாழக்கெழம.”

“அப்பவே சொல்லிருக்கலாம்ல?”

“நீ பேசாம பூடுவேன்னு…”

அவர் நான்கு பேட்டரிகளையும் தரையில் வரிசையாக நிறுத்தி வைத்தார். நிறுத்தியதை மறுபடி சரிசெய்தார். என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்:

“ஏன் நைனா பாட்டுல அம்மாம் சோகம்? நாங்க உன்ன நல்லாத்தான வெச்சிகினு கீறோம்?”

அந்தக் கேள்விக்கு ‘காத்திக் போஸ்ட் பங்க்’ என்று பதில் சொல்ல முடியவில்லை. நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அவர் என் கண்ணைத் துடைத்துவிட்டுத் தன் விரலைப் பார்த்தார். கறுப்பாக இருந்தது. “மையா?” என்றார். “ஆமா” என்றேன். வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

அந்தப் பொய்க்கு அப்பா நிறைய அனுபவித்தார். திங்கட்கிழமை கன்னியப்பன் மாமா தன் வீட்டு ரேடியோவைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அதே கண்டென்சரைப் போட்டுக் கொடு என்றார். அந்த மாதிரி கண்டென்சர் இப்போது வருவதில்லை என்று அப்பா அவரைத் திருப்பி அனுப்புவதற்குள் இன்னும் இரண்டு பேர் சாக்கோடு வந்தார்கள். பின் வரிசை வீட்டுப் பெண்மணி, தான் அந்த நேரம் தன் டிரான்சிஸ்டரைக் கேட்டுக்கொண்டிருந்ததாகவும், அதில் தேனீ வளர்ப்பு பற்றித்தான் பேசினார்கள் என்றும் அம்மாவிடம் சொன்னாள். “உங்க ரேடியோல எப்டி வரும்?” என்றாள் அம்மா. “எங்களுது புது ஏரியல்.”

ஃபாத்திமாம்மா, தான் ரேடியோவில் வந்ததை பூந்தமல்லி முழுக்கச் சொன்னார். மருமகள்களுக்குச் சொன்னார், பேரன் பேத்திகளுக்குச் சொன்னார். போன வருடம் அவர் காலமான வீட்டில் சொந்தக்காரர் ஒருவர் அதை மரியாதையாக நினைவுகூர்ந்தபோது பஷீரும் டேவிட்டும் நானும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பஷீர் இப்போது அத்தாவின் கடையை நடத்துகிறான், நிஜ வக்கீல்களுக்குக் கறுப்புக் கோட்டு தைக்கிறான். டேவிட் சர்ச்சில் அறிவிப்புகளை வாசிக்கிறான். அங்கே ஆமென் சொன்னால் யாரும் தடுப்பதில்லை. நான் மூன்று பேப்பரையும் எழுதி முடித்து அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலைக்குப் போனேன். வௌவால் மண்டபம் தானாகவே கலைந்தது. அப்பா கேட்ட அந்தக் கேள்விக்குப் பிறகு எனக்குச் சோகமான வரி ஒன்றுகூட வரவில்லை.

எங்கள் வீட்டில் அன்றிலிருந்து, பிரியத்துக்காகச் சொல்லும் பொய்க்குக் கண்டென்சர் என்று பெயர். என் மனைவி புதிதாக வந்தபோது வைத்த முதல் ரசத்தை நான் புகழ்ந்தேன். அம்மா அவளைத் தனியே கூப்பிட்டு அந்த வார்த்தையைச் சொல்லிக்கொடுத்தாள். என் மகள் தன் தோழிகளிடம்கூட அந்த அர்த்தத்தில் பேசுகிறாள். அவர்களும் அது ஏதோ புதுக் கெட்டவார்த்தை என்று நினைத்து வைத்திருக்கிறார்கள்.

போன பொங்கலுக்கு எல்லாரும் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது, இத்தனை வருடமும் கேட்காத ஒன்றை அப்பாவிடம் கேட்டேன். அவருக்கு எண்பது தாண்டிவிட்டது. காது கொஞ்சம் மந்தம். பக்கத்தில் போய்ச் சத்தமாகக் கேட்டேன்:

“அப்பா, நெஜமா சொல்லு. அன்னிக்கு அந்தப் பாட்டு எப்டி இருந்துச்சி?”

அவர் என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

“நல்லாத்தான் நைனா இருந்துச்சி,” என்றார்.

சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

“கண்டென்சர்!”